பெண்ணாகரம் ரோடு சனிக்கிழமை கிளாஸ் - பசங்கள அனுப்பலாமா? நல்லதும் கடுப்பானதும்

தர்மபுரில 6, 7, 8 படிக்கிற பசங்களுக்கு சனிக்கிழமை காலைல ஒரு கிளாஸ் நடக்குது, பெண்ணாகரம் ரோட்டுல ஒரு வீட்டு மாடி ஹால்ல. ரிட்டயர்டு ஆன கவர்மென்ட் ஸ்கூல் தமிழ் வாத்தியார் ஒருத்தரும், சைக்காலஜி படிச்ச சின்ன வயசு மிஸ் ஒருத்தங்களும் சேர்ந்து நடத்துறாங்க. பேர் போட மாட்டேன், ஏன்னா குறையும் எழுதப்போறேன், நம்மூர் எவ்ளோ சின்ன ஊருன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் நாலு பேர்கிட்ட விசாரிச்சா தெரிஞ்சிடும். 10 வாரம், வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம், ஃபீஸ் 2,200, நோட்டுக்கு தனியா 150 வாங்குறாங்க. எங்க பொண்ணு ஏழாவது படிக்கிறா, போன பேட்ச்ல அனுப்பினேன். ஸ்கூல் வாசல்ல நிக்குற அம்மாங்க எல்லாம் "என்னங்க அது, என்ன சொல்லித்தராங்க, மார்க்கு வருமா"ன்னு கேட்டு கேட்டு வாய் வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன்.

மார்க்கு வராது. அத மொதல்ல சொல்லிடறேன். அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங், ஸ்போக்கன் இங்கிலீஷ் மாதிரி கையில புடிச்சு காட்டற மாதிரி ஒண்ணும் கிடைக்காது. நோட்டீஸ்ல "தன்னை அறிதல், முன்மாதிரி மனிதர்கள்"னு போட்டிருக்காங்க, அத படிச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது, அத முதல்ல மாத்தணும். உள்ள நடக்கறது என்னன்னா, நீ எதை நம்புற, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சு, யாரப் பாத்து "இவங்கள மாதிரி ஆகணும்"னு தோணுது, ஏன் தோணுது, இந்த நாலையும் பசங்களே பேசி, எழுதி, சண்டை போட்டு கண்டுபிடிக்கணும். வாத்தியார் பதில் சொல்றதில்ல, கேட்டுட்டே இருப்பார். சில பேருக்கு இது கடுப்பாவும் இருக்கும், காசு குடுத்து அனுப்புனா சொல்லித்தர வேணாமான்னு ஒரு அப்பா வாசல்லயே சத்தம் போட்டார்.

முதல் நாள் பெத்தவங்க பின்னாடி பெஞ்சுல உக்காரலாம். உனக்கு முன்மாதிரி யாருன்னு கேட்டாங்க, பாதி ஹால் கலாம்தான். நம்ம பசங்களுக்கு அது மனப்பாடம், ஒண்ணாவதுல இருந்து பேச்சுப்போட்டிக்கு அதத்தானே எழுதிக் குடுக்கறோம். சார் ஒண்ணும் சொல்லல, "சரி, கலாம் என்ன செஞ்சார்?"னு மட்டும் கேட்டார். ராக்கெட் விட்டார், ஜனாதிபதி ஆனார், கனவு காணச் சொன்னார், அதோட நின்னுடுச்சு. அப்புறம் அவர் ஒரு விஷயம் சொன்னார் பாருங்க. 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி 3 முதல் ராக்கெட், கலாம்தான் அந்த ப்ராஜெக்ட்டுக்கு தலைவர், கிளம்பி கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துடுச்சு. பத்திரிகைக்காரங்க எல்லாம் காத்துட்டு இருக்காங்க. அப்போ இஸ்ரோ தலைவரா இருந்தவர் சதீஷ் தவான், அவரே போய் உக்காந்து பொறுப்பு என்னோடதுன்னு ஏத்துக்கிட்டார். அடுத்த வருஷம் 1980 ஜூலை 18, அதே எஸ்எல்வி 3 ரோகிணி செயற்கைக்கோள சுத்துப்பாதைல வச்சிடுச்சு, அன்னிக்கு தவான் கலாம கூப்பிட்டு நீ போய் பேசுன்னு அனுப்பினார். இத கலாமே பல மேடைல சொல்லியிருக்கார். சொல்லிட்டு சார், "இப்ப சொல்லு, இந்தக் கதைல உனக்கு யார் மாதிரி ஆகணும்?"னு கேட்டார். ஹாலே கம்முனு ஆயிடுச்சு. பாதி பசங்களுக்கு தவான்ங்கற பேரே அன்னிக்குத்தான் தெரியும், எனக்கே கலாம் பக்கத்த விட்டுட்டு அந்தப் பக்கமா யோசிக்கத் தோணினதில்ல. ஒரு பொண்ணு எழுந்து, "சார், எங்க கிளாஸ்ல குரூப் ப்ராஜெக்ட் நல்லா வந்தா லீடர் பேரு, கெட்டுப்போனா எங்க பேரு"ன்னா, எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு எங்க ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு.

அங்கிருந்து அவங்களுக்குன்னு ஒரு வழக்கம் ஆரம்பிக்குது. யார் பேரச் சொன்னாலும் கீழ ரெண்டு விஷயம் எழுதியே ஆகணும். அவர் செஞ்சது என்ன, அதுக்காக அவர் எத இழந்தார். அதோட "திங்கக்கிழமை"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல காவாசியாவது இந்த வர்ற திங்கக்கிழமை ஸ்கூல்ல நீ செய்ய முடியுமான்னு எழுதணும். இந்த திங்கக்கிழமை கட்டம்தான் இந்த கிளாஸோட உயிர், மீதியெல்லாம் யார் வேணாலும் நடத்தலாம். சினிமா ஹீரோ பேரச் சொன்ன பசங்கள யாரும் கிண்டல் பண்ணல, படத்துல பண்ணத கணக்குல சேக்காத, நிஜத்துல பண்ணத மட்டும் எழுதுன்னு சொன்னாங்க, சில பேருக்கு பக்கம் நிறைஞ்சது, சில பேரு பேனாவ கடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு பையன் நடராஜன எழுதினான், கிரிக்கெட் நடராஜன்தான், சின்னப்பம்பட்டிக்காரர், நமக்கு பக்கம்தானே. யார்க்கர், ஐபிஎல், 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல மூணு ஃபார்மேட்டும் ஆடினதுன்னு ஒப்பிச்சான். இதெல்லாம் அவருக்கு கிடைச்சது, அவர் குடுத்தது என்னன்னு மிஸ் கேட்டதும் யோசிச்சு யோசிச்சு, அவரு சொந்த ஊர்லயே கிரவுண்டு கட்டினார்னு சொன்னான். 2023ல திறந்தாங்களே, அதுதான். அவனோட திங்கக்கிழமை கட்டத்துல "பேட் இல்லாத பையனுக்கு என் பேட்டு ஒரு ஓவர்"னு இருந்துச்சு. ஒரு ஓவர்தான், அதுக்கு மேல குடுக்க மாட்டானாம். நேர்மையான பையன்.

நம்மூர்ல நடக்கற கிளாஸ்ங்கறதால அதியமான் வராம இருக்க முடியாது. சேலம் போற வழில அதியமான்கோட்டை, அதியமான், ஔவை சிலை, எல்லா ஸ்கூல்லயும் கூட்டிட்டுப் போய் போட்டோ எடுத்து கூட்டிட்டு வந்துடுவாங்க. சாகாம நீண்ட நாள் வாழ வைக்கற நெல்லிக்கனிய தான் திங்காம ஔவைக்கு குடுத்தார், அவ்ளோதான் கதை, நாமளும் அப்படியே கேட்டு வளந்தோம். இங்க எட்டாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான், "அவரு ராஜா சார், அவரு அந்தக் கனிய சாப்பிட்டு ரொம்ப நாள் இருந்தா ஊருக்குத்தானே நல்லது, கவிதை எழுதற பாட்டிக்கு குடுத்தது தப்பில்லையா?" வேற வாத்தியாரா இருந்தா உக்கார்றான்னு சொல்லியிருப்பாங்க. இவர் அத போர்டுல எழுதிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் அதுதான். அதியமான் கடைசில சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர் மேல, அதான் நம்ம தர்மபுரி மேல, படையெடுத்து வந்தப்போ தோத்துப் போனவர், அத வச்சு ஒரு குரூப்பு பாத்தியா சாப்பிட்டிருக்கலாம்ல அப்படின்னுது. எங்க பொண்ணு இருந்த குரூப்பு, கனிய சாப்பிட்டாலும் வேல் குத்தினா சாவுதான் சார்னுது. இன்னொரு பொண்ணு, ஔவை போர் வேணாம்னு எதிரி ராஜா தொண்டைமான்கிட்ட தூது போனவங்க, அந்த பாட்டி இருந்தா எத்தன சண்டை நிக்கும், அதனால குடுத்தது கரெக்ட்னு சொன்னா. இந்த வாதத்துக்கே நான் குடுத்த ஃபீஸ் சரியாப்போச்சு. முடிவு என்னன்னு சார் சொல்லவே இல்ல, வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டைய தொடர்ந்தா.

பாப்பாரப்பட்டிக்கு ஒரு ட்ரிப் இருக்கு, அதுக்கு வேன் காசு தனி. சுப்பிரமணிய சிவா மணிமண்டபம். நம்ம மாவட்டத்துல இருந்துட்டு அங்க போகாதவங்க நிறைய பேரு, ஒகேனக்கலுக்கு மட்டும் மீன் சாப்பிட போயிடுவோம். வத்தலகுண்டுல பொறந்து, 1908ல வ.உ.சி.யோட சேர்த்து கைதாகி, ஜெயில்ல தொழுநோய் வந்து, அந்த நோயக் காரணம் காட்டி ரயில்ல ஏறக்கூடாதுன்னு வெள்ளக்காரன் தடை போட்டும், நடந்தும் கட்டவண்டிலயும் ஊர் ஊரா போய் பேசி, கடைசில 1925 ஜூலை 23 பாப்பாரப்பட்டில செத்துப்போனவர். 41 வயசு கூட முடியல. அங்க பாரதமாதாவுக்கு கோயில் கட்டணும்னு ஆரம்பிச்சவரும் அவர்தான். மிஸ் பசங்கள மரத்தடில உக்கார வச்சு ஒரே கேள்வி கேட்டாங்களாம், உனக்கு அந்த நோய் வந்து, ஊர்ல எல்லாரும் ஒதுங்கிப் போனா, நீ வெளிய வருவியா? எங்க பொண்ணு "வர மாட்டேன், வீட்லயே இருந்துடுவேன்"னு எழுதியிருந்தா. பக்கத்துல மிஸ் சிவப்பு பேனால திருத்தல, "உண்மைய எழுதியிருக்க"ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. அந்தப் பக்கத்த நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஸ்கூல்ல இதே கேள்விக்கு "நானும் அவரைப் போல் நாட்டுக்காக உழைப்பேன்"னு எழுதி ஃபுல் மார்க் வாங்கிட்டு வருவா.

அப்புறம் ராஜாஜி. ஓசூர் பக்கம் தொரப்பள்ளில 1878ல பொறந்தவர், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். இவர எப்படி நடத்தப்போறாங்கன்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, ஏன்னா எங்க வீட்லயே இவர் பேச்ச எடுத்தா ரெண்டு கட்சி. பக்கத்த நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிக்கச் சொல்லியிருக்காங்க, எடுத்துக்கறது, விட்டுடறதுன்னு. 1937ல முதல்வரானதும் மதுவிலக்க முதல்ல சேலம் மாவட்டத்துல கொண்டுவந்தார், அப்ப தர்மபுரியும் சேலத்துக்குள்ளதான், நமக்கு தனி மாவட்டம் வந்ததே 1965ல. இது இந்தப் பக்கம். 1953ல அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்யற தொழில்னு கொண்டுவந்தது, குலக்கல்வின்னு எதிர்ப்பு வந்து அடுத்த வருஷம் பதவி விலகினது, இது அந்தப் பக்கம். எங்க பொண்ணு அந்தப் பக்கத்துல "அப்படி நடந்திருந்தா எங்கப்பா டைலராத்தான் இருந்திருப்பார், ஏன்னா தாத்தா டைலர்"னு எழுதியிருந்தா. எங்க வீட்டுக்காரர் அத ரெண்டு தடவ படிச்சார். அதோட விடாம சார், ஆயுசு பூரா எதிரெதிரா நின்ன பெரியார், 1972 டிசம்பர்ல ராஜாஜி செத்தப்போ தள்ளாத வயசுல வந்து கண்ணீர் விட்டு அழுதத சொல்லியிருக்கார். ஒரு கருத்த எதிர்க்கறதும் அந்த ஆள மதிக்கறதும் ஒரே மனசுல இருக்கலாம்னு பசங்களுக்கு இதவிட நல்லா எப்படிக் காட்ட முடியும்னு எனக்குத் தெரியல. டிவி விவாதம் பாத்து வளர்ற பசங்களுக்கு இது புதுசு.

நம்பிக்கை பத்தின வாரங்கள் இதவிட கஷ்டம், சில எடத்துல சொதப்பலும். மூணு கலர் அட்டை குடுப்பாங்க. வீட்ல சொன்னதால நம்பறது மஞ்சள், நானே பாத்து தெரிஞ்சிக்கிட்டது பச்சை, நிரூபிக்க முடியாது ஆனா நம்பறேன்னா வெள்ளை. எங்க மாமியார் தேய்பிறை அஷ்டமின்னா அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய் சாம்பல் பூசணிய வெட்டி வெளக்கு போடுவாங்க, பாப்பாவும் கூடப் போவா. அத எந்த அட்டைல எழுதறதுன்னு அவளுக்கு குழப்பம். மஞ்சள்ல எழுதினா பாட்டி கோச்சுக்குவாங்களோன்னு பயம் வேற. மிஸ் அத அழகா கையாண்டாங்கன்னு கேள்விப்பட்டேன், கலர்ல உசந்தது தாழ்ந்ததுன்னு இல்ல, எந்த அட்டைன்னு உனக்குத் தெரிஞ்சா போதும்னு சொன்னாங்களாம். கடைசில மஞ்சள்ல பூசணி வெளக்கு, வெள்ளைல "பாட்டி எனக்காக வேண்டிக்கிட்டா நல்லது நடக்கும்"னு எழுதினா. மாமியாருக்கு படிச்சுக் காட்டினோம், அவங்களுக்கு ஒரே பெருமை. யார் மனசயும் நோகடிக்காம, எதையும் தலைல திணிக்காம இந்த வேலைய செய்யறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதுக்கு முழு மார்க் குடுத்துடலாம்.

பச்சை அட்டைலதான் ஆளு மாட்டினா. "சாப்பாட்ட வீணாக்கக் கூடாது"ன்னு எழுதியிருக்கா. சார் வந்து, கடைசியா எப்ப வீணாக்கினன்னு கேட்டிருக்கார். முந்தின நாள் ராத்திரிதான் களி பிடிக்கலன்னு தட்டோட கொண்டுபோய் மாட்டுத் தொட்டில கொட்டினா. முழிச்சிருக்கா. அப்ப இது நீ நம்பறதா, சொல்லத் தெரிஞ்சதான்னு கேட்டுட்டு அவர் பாட்டுக்கு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டாராம். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு இருந்தா, அப்புறம் அத அடிச்சிட்டு "பொய் சொல்லி தப்பிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வராது"ன்னு எழுதினா. இது நிஜம், அவ மூணாவது படிக்கிறப்போல இருந்தே அப்படித்தான். களி இப்பவும் தின்ன மாட்டேங்கறா, அது வேற விஷயம், ராகி விளையற ஊர்ல பொறந்துட்டு.

இப்ப பேட்டிக்கு வர்றேன், இந்த கிளாஸ்ல என்னை ரொம்ப அசைச்சதும் ரொம்ப கடுப்பேத்தினதும் இதேதான். ஏழாவது வாரம் வாக்குல ஒவ்வொரு பிள்ளையும் பேர் வெளிய தெரியாத, ஆனா மதிக்கத்தக்க ஒரு ஆள, சொந்தத்துலயோ தெருவுலயோ தேடிப் புடிச்சு பேட்டி எடுக்கணும். அஞ்சு கேள்வி அவங்களே குடுத்துடறாங்க, அதுல ஒண்ணு "நீங்க சரின்னு நினைச்சதுக்காக ஊரே எதிர்த்து நின்னப்போ என்ன செஞ்சீங்க". எங்க பொண்ணு எங்க பெரியத்தைய தேர்ந்தெடுத்தா. அவங்க கிராம செவிலியரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, 90கள்ல பாலக்கோடு பக்கம் கிராமங்கள்ல வேலை பாத்தவங்க. அந்தக் காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது மூணாவதும் பொண்ணா பொறந்தா அந்தக் குழந்தை ஊட்டுல தங்காது. பொண்ணு குழந்தைய கொல்லாதீங்க, வேணாம்னா அரசு தொட்டில்ல விட்டுடுங்கன்னு 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, தர்மபுரிக்கு அது 2001லதான் வந்துச்சு. நடுவுல இருந்த வருஷமெல்லாம் யாரு பாத்துக்கிட்டது? பெரியத்தை மாதிரி ஆளுங்கதான். ஏற்கனவே பொண்ணு இருந்து மாசமா இருக்கறவங்க வீடா பாத்து, ஊசி போட வந்தேன், எடை பாக்க வந்தேன்னு ஏதாவது சாக்கு வச்சு வாரம் ரெண்டு தடவ போய் திண்ணைல உக்காந்துக்குவாங்களாம். பிரசவம் ஆனா முதல் பத்து நாள் தெனமும். மாமியார்காரி கதவ சாத்தினா கொல்லைப்புறமா போயிடுவாங்களாம். ஒரு வீட்ல நாய ஏவி விட்டிருக்காங்க. "நான் ஒண்ணும் பேச மாட்டேன் பாப்பா, குழந்தைய வாங்கி மடில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன், மடில இருக்கற வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ண முடியாதில்ல"ன்னு சொல்லியிருக்காங்க. இத்தன வருஷம் கல்யாணம் காதுகுத்துன்னு அவங்களோட ஒரே பந்தில சாப்பிட்டிருக்கேன், எங்கிட்ட ஒரு நாள் இத சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல, யாரும் கேட்டதில்ல.

பாப்பா அத எழுதின விதம் நல்லா இருந்துச்சு. அதுக்குக் கீழ திங்கக்கிழமை கட்டத்துல "தெரியல"ன்னு எழுதிட்டு, அப்புறம் அடிச்சிட்டு, கிளாஸ்ல யாரும் சேத்துக்காத ஒரு பொண்ணு பேர எழுதி "அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடுவேன்"னு எழுதினா.

ஆனா கோவம் என்னன்னா, 12 வயசுப் பொண்ணு இப்படி ஒரு விஷயத்த கேட்டுட்டு வந்து ராத்திரி "நம்ம வீட்லயும் அப்படி நடந்துச்சாம்மா, நான் பொறந்தப்போ யாராவது வருத்தப்பட்டாங்களா"ன்னு கேட்டா பெத்தவ தயாரா இருக்க வேணாமா? இந்த மாதிரி பேட்டி எடுக்க அனுப்பறோம், கனமான விஷயம் வரலாம், வந்தா இப்படிப் பேசுங்கன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட எத்தன நிமிஷம் ஆகும்? வேற எல்லாத்துக்கும் குரூப்புல மெசேஜ் வருது, பேனா கொண்டு வாங்க, தண்ணி பாட்டில் கொண்டு வாங்கன்னு. மிஸ்கிட்ட நேர்ல சொன்னேன், ஆமாங்க அடுத்த பேட்ச்ல செய்யறோம்னாங்க. செய்வாங்கன்னு நம்பறேன். எட்டாவது பசங்களுக்கு மட்டும் வாச்சாத்தி பத்தி சொன்னாங்களாம், அரூர் பக்கம் அந்த மலைக்கிராமத்து பெண்கள் 1992ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க அவங்களுக்கு செஞ்ச கொடுமைக்கு கோர்ட்டு ஏறி ஏறி, 2011ல நம்ம தர்மபுரி கோர்ட்டுல குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கி, 2023ல ஹைகோர்ட்டும் அத உறுதி செஞ்சது. பசங்க வயசுக்கு எவ்வளவு சொல்லணுமோ அவ்வளவு சொல்லி, 19 வருஷம் ஒரே பேச்சுல நின்னாங்களே, அது மட்டும் பாருங்கன்னு சொன்னதா ஒரு பையனோட அம்மா சொன்னாங்க. அதுக்கும் முன்கூட்டி தகவல் இல்லையாம்.

பெரிய குறை ஒண்ணு இருக்கு, அத இங்க எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதறேன். 10 வாரம் நம்பிக்கை, மதிப்பு, யார மதிக்கணும்னு பேசறாங்க, சாதி பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இது தர்மபுரிங்க. கையில என்ன கலர் கயிறு கட்டியிருக்கான்னு பாத்து பெஞ்சு மாத்தி உக்கார்ற பசங்க இருக்கற காலம். நாங்குநேரில ஸ்கூல் பசங்களே கூடப் படிக்கிற பையன சாதிக்காக வெட்டினதுக்கு அப்புறம் அரசே நீதிபதி சந்துருவ வச்சு கமிட்டி போட்டு, 2024ல அவர் குடுத்த அறிக்கைல இந்தக் கயிறு, மோதிரம், நெத்தில அடையாளம் எல்லாம் ஸ்கூல்ல வேணாம்னு எழுதியிருக்கார். வீட்ல சொன்னதால நம்பறதுன்னு மஞ்சள் அட்டை குடுக்கறீங்களே, அந்த அட்டைல முதல்ல வர வேண்டியது எது? எங்க பொண்ணு ஒரு நாள் "ஒரு பையன் மஞ்சள் அட்டைல எங்க ஆளுங்கதான் இந்த ஊர்ல பெரிய ஆளுங்கன்னு எழுதினான்மா, சார் அத மட்டும் படிக்காம அடியில வச்சிட்டார்"னு சொன்னா. நெல்லிக்கனி கேள்விய போர்டுல எழுதின அதே மனுஷன். அவர் நிலைமையும் புரியுது, நாளைக்கு நாலு அப்பாக்கள் வந்து நின்னா மாடி வாடகை யார் குடுக்கறது. ஆனாலும் பசங்க கவனிச்சிட்டாங்கல்ல, எந்தக் கேள்விய கேக்கலாம், எத கேக்கக் கூடாதுன்னு அன்னிக்கு கத்துக்கிட்டாங்கல்ல. அது உறுத்துது.

மத்ததெல்லாம் சின்ன சின்ன குறை. அந்த 150 ரூபா நோட்டு வெளிநாட்டு புக்க பாத்து தமிழ்ல போட்டது போல, பேஸ்பால் வீரர், பனிப்புயல்ல பக்கத்து வீட்டுக்கு உதவின சிறுமின்னு உதாரணம் வருது, பசங்களுக்கு சிரிப்பு வருது. நல்லவேளை சார் அத பாதிக்கு மேல தொடறதில்ல, அப்ப எதுக்கு அச்சடிச்சு விக்கறீங்க. நடுகல் பத்தி ஒரு பக்கம் போட்டிருக்கலாம். நம்ம ஊர் அகழ்வைப்பகத்துல, அதான் மியூசியத்துல, வச்சிருக்காங்களே, மாட்டு மந்தைய மீட்கப் போய் செத்தவனுக்கு ஊரே கல்லு நட்டு வச்சது, அதவிட முன்மாதிரிக்கு என்ன உதாரணம் வேணும், பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே போய் பாக்கலாம். ஹால்ல ரெண்டு ஃபேன்தான், ஏப்ரல் மே பேட்ச்னா வெந்துடுவாங்க. ஒரே ஒரு பாத்ரூம், அதுவும் கீழ் வீட்டுக்காரங்களோடது, பொண்ணுங்க கேக்கக் கூச்சப்பட்டு அடக்கிட்டு உக்காந்திருக்காங்க. பசங்க கைய தூக்கறதுக்கு முன்னாடியே கத்திடறாங்க, பொண்ணுங்களுக்கு முறை வர லேட்டாகுது, மிஸ் இருக்கற நாள்ல பரவால்ல, சார் மட்டும் இருந்தா அவர் அத கண்டுக்கறதில்ல. பசங்க எழுதின அட்டைகள போட்டோ எடுத்து கேக்காம குரூப்புல போட்டாங்க, ஒரு பையன் அப்பா குடிக்கறது பத்தி எழுதினது அதுல இருந்துச்சு, அத சொன்னதும் உடனே எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள எத்தன பேர் பாத்திருப்பாங்க. கடைசி நாள் விழா தேவையே இல்லாத ஐட்டம். யாரோ ஒரு பெரிய மனுஷன கூப்பிட்டு வந்து, அவர் முக்கா மணி நேரம் ஒழுக்கம் பத்தி பேசி, பத்து வாரம் பசங்கள கேள்வி கேக்க வச்சிட்டு கடைசில கைகட்டி உக்கார வச்சிட்டாங்க.

யாருக்கு செட் ஆகும்னா, ஏழாவது எட்டாவதுக்கு கண்டிப்பா. ஆறாவதுக்கு சீக்கிரம்னு எனக்குத் தோணுது, எங்க பேட்ச்ல இருந்த ஆறாவது பசங்க பாதி நேரம் அட்டைல படம் வரைஞ்சிட்டு இருந்தாங்க. ரொம்ப கூச்ச சுபாவம்னா பயப்படாதீங்க, எழுதித் தரலாம், எழுந்து பேசியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. வீட்ல பெரியவங்க எதிர்த்து கேள்வி கேட்டா அடிக்கற டைப்னா அனுப்பாதீங்க, பிள்ளைக்குத்தான் ரெண்டு பக்கமும் இடி. எங்க வீட்லயே இப்ப நான் "பெரியவங்க சொன்னா கேக்கணும்"னு ஆரம்பிச்சா "இது எந்த அட்டைம்மா"ன்னு கேக்கறா, அடிக்கவும் முடியல சிரிக்கவும் முடியல.

கிருஷ்ணகிரில ஞாயித்துக்கிழமை ஒரு பேட்ச் ஆரம்பிக்கப் போறதா சொல்றாங்க, மாங்கா சீசன் முடிஞ்சப்புறம். அங்க சார் வரமாட்டாராம், மிஸ் மட்டும்தான், அது எப்படி இருக்கும்னு அங்க சேக்கறவங்கதான் எழுதணும். பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் வாய்விட்டு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க: பேட்டிக்கு முன்னாடி தகவல் சொல்வீங்களா, போட்டோ போடறதுக்கு முன்னாடி கேப்பீங்களா, பாத்ரூம் எங்க. ரெண்டு தவணையா கட்டலாம், அவங்களா சொல்ல மாட்டாங்க, கேட்டா ஒத்துக்கறாங்க. பாப்பாரப்பட்டி வேனுக்கு எங்க பேட்ச்ல தலைக்கு 180 ஆச்சு. நான் 5க்கு மூணரை குடுப்பேன், அந்த மூணரைல ரெண்டு திங்கக்கிழமை கட்டத்துக்கு மட்டும். சின்னவன் இப்ப அஞ்சாவது, அவன் ஏழாவது வந்ததும் அனுப்புவேன், அதுக்குள்ள இன்னும் ரெண்டு ஃபேன் மாட்டியிருந்தா நல்லது.